நூஹுவின் வண்டியில் ஒரு நோயாளி

"பாடி யாரோடது?"

வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். அபுதாபி முஸஃபாவில் என் ஆபீஸுக்குள் நுழைகிறவர்களை நான் நலம் விசாரிப்பதில்லை. நலமாக இருக்கிறவர்களுக்கு என்னிடம் என்ன வேலை? அண்ணனைப் பறிகொடுத்தவன் வருவான், ரூமில் கூடப் படுத்திருந்தவனைப் பறிகொடுத்தவன் வருவான், கம்பெனி அனுப்பிய ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவான். பெயர் என்ன, பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா, எந்த ஏர்போர்ட் என்று கேட்டு எழுதிக்கொண்டே போவேன். அன்றைக்கும் தலையைத் தூக்காமல்தான் கேட்டேன்.

"என்னோடதுதாண்ணே" என்று பதில் வந்தது.

தலையைத் தூக்கினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தலையில் பூப்போட்ட துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். புருவம் உதிர்ந்திருந்தது. மடியில் தடிமனான ஒரு பச்சை ஃபைல். அவளுக்குப் பின்னால் வாட்டசாட்டமான ஓர் ஆள் சேஃப்டி ஷூவோடு நின்றுகொண்டு, மாங்காய் திருடிப் பிடிபட்டவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

என் பெயர் கௌஸ் முகைதீன். சொந்த ஊர் கீழக்கரை. இங்கே இறந்துபோகிறவர்களை ஊருக்கு அனுப்பும் பேப்பர் வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். மருத்துவமனைச் சீட்டு, போலீஸ் அனுமதி, தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, எம்பாமிங், கடைசியாக விமானச் சரக்கு. இந்த வரிசை எனக்குத் தூக்கத்திலும் மாறாது. இதில் எம்பாமிங்தான் உயிர்நாடி. உடம்பில் ஃபார்மலின் ஏற்றிய சான்றிதழ் இல்லாமல் எந்த விமானக் கம்பெனியும் பெட்டியைத் தொடாது. இத்தனை வருடத்தில் ஒரு பெட்டிகூட ஊர் மாறிப் போனதில்லை, ஒரு பெட்டிகூட ஃப்ளைட்டைத் தவறவிட்டதில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைப்பானேன்.

"செத்தபிறகு என்னை எம்பாமிங் பண்ணக் கூடாதுண்ணே. அது ஒண்ணுதான் முக்கியம். மத்த பேப்பரெல்லாம் நீங்க எப்பவும் பண்றபடி பண்ணுங்க. ஊருக்கு மட்டும் வேண்டாம். சுவிட்சர்லாந்துக்கு அனுப்பணும்."

"அங்க யாரும்மா இருக்கா?"

"இப்போதைக்கு யாருமில்ல. ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளாஸ்க் இருக்கு. அதுக்குள்ள இருக்கணும்."

பெயர் அகிலா. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அபுதாபியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், உடல் உறுப்புகளைக் கடுங்குளிரில் கெடாமல் காக்கிற பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கணையத்தில் புற்று. டாக்டர்கள் நான்கு மாதம் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் நின்றவர் கணவர் பாண்டித்துரை, துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். இதையெல்லாம் அவள் ஏதோ விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க வந்தவள் போலச் சொன்னாள். செலவுக்கான ஏற்பாட்டையும் ஏற்கெனவே செய்து முடித்திருந்தாள்.

"அப்ப, ஃப்ரீசர்ல வைக்கப் போறாங்களா?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

அவளும் சிரித்தாள். "ஃப்ரீசர்ல வச்ச தக்காளிய வெளிய எடுத்துப் பாத்திருக்கீங்களாண்ணே?"

"கொழகொழன்னு போயிரும்."

"ஆமா. உள்ள இருக்கற தண்ணி ஐஸாகி, ஊசி ஊசியாக் குத்திக் கிழிச்சிரும். அதனால தண்ணிய வெளிய எடுத்துட்டு ரத்தக் குழாய் வழியா வேற மருந்த ஏத்துவாங்க. அப்புறம் எவ்வளவு குளிர வச்சாலும் ஐஸ் ஆகாது. கண்ணாடி மாதிரி அப்படியே நின்னுரும். நூறு வருசமானாலும் கெடாது. ஆனா அதுக்கு முன்னாடி ஃபார்மலின் ஏத்திட்டீங்கன்னா முடிஞ்சுது. அவிச்ச முட்டைய மறுபடி பச்ச முட்டையாக்க முடியுமா?"

பிறகு போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாள். கூண்டுக்குள் ஒரு வெள்ளை எலி, சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சிறுநீரகத்தை எடுத்துக் கண்ணாடியாக்கி, மூன்று மாதம் வைத்திருந்து, மறுபடி சூடாக்கி, அதற்கே பொருத்தியிருக்கிறார்களாம். அறுபது நாளாக அந்தச் சிறுநீரகத்தோடுதான் எலி ஓடுகிறது. இவர் பெயர் மகராசன் என்று எலியை எனக்கு அறிமுகம் செய்தாள். பெற்றவள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பரிசைக் காட்டுகிற முகம் அது. இத்தனை வருடமாக உடம்புகளோடு புழங்குகிறேன். உடம்பின் ஒரு துண்டு குளிரிலிருந்து திரும்பி வந்து வேலை செய்ததைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"சரிம்மா. எலிக்குக் கிட்னி. முழு மனுசன் எந்திரிச்சு வருவானா?"

"தெரியாதுண்ணே. இதுவரைக்கும் ஒருத்தர்கூட எந்திரிச்சு வரல. நூத்துக்கு அஞ்சுன்னுகூடச் சொல்ல மாட்டேன். ஆனா சுடுகாட்டுல வச்சா பூஜ்யம்னு உறுதியாத் தெரியும்."

அந்தத் 'தெரியாது' எனக்குப் பிடித்திருந்தது. என் தொழிலில் எல்லாம் தெரிந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இறந்தவன் எங்கே போனான், ஏன் போனான் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இவள் தன் உயிர் விஷயத்திலேயே கூச்சமில்லாமல் தெரியாது என்கிறாள். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், "எந்திரிச்சு வர்றப்ப விசா முடிஞ்சிருக்குமேம்மா" என்று கிண்டல் செய்தேன்.

"அதுக்கு உங்கள மாதிரி ஒரு ஆளு எந்தக் காலத்துலயும் இருப்பாருண்ணே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

அனுமதி வாங்குவதற்குள் என் செருப்பு தேய்ந்தது. எம்பாமிங் இல்லாமல், உலர்பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் ஓர் உடலை நாட்டைவிட்டு அனுப்புவதற்கு எந்த ஜன்னலிலும் ஃபாரம் கிடையாது. ஃபாரம் இல்லாத காரியத்தை அரசாங்க ஆபீஸில் கேட்பது ஊசியின் காதில் ஒட்டகத்தை ஓட்டுவதற்குச் சமம். கடைசியாக ஓர் அமீரக அதிகாரி, வெள்ளைக் கந்தூரா போட்ட மனிதர், அகிலாவின் பச்சை ஃபைலை முழுக்கப் படித்தார். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடாத முதல் ஆள் அவர்தான். படித்து முடித்ததும், தன் பாட்டனார் காலத்தில் இதயத்தை மாற்றிவைப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சேர்ந்து அவனை மந்திரிக்கக் கூட்டிப்போயிருக்கும் என்று அரபியில் சொல்லிச் சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவள் மன உறுதிக்கு ஒரு மாஷா அல்லாஹ்வும் சொன்னார்.

நம் ஆட்கள்தான் படுத்தினார்கள். என் ஆபீஸுக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் விஷயம் கசிந்துவிட்டது. 'ஃப்ரீசர் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். பிரியாணியை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் தின்கிறவன் எல்லாம் அவளைக் கிண்டல் செய்தான். என் மனைவி அஸ்மத் பீவியும் கேலி செய்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். "ஹயாத்தும் மவுத்தும், வாழ்வும் சாவும், அல்லாஹ் கையில. மருந்து தேடுறது நம்ம கையிலதானேங்க. அந்தப் புள்ள தேடுது. நாளைக்கு வர்ற மருந்துக்கு இன்னைக்கே வரிசையில நிக்கிது" என்றாள். எனக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பாண்டித்துரை ஒருநாள் தனியாக வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் புரியலண்ணே. கொள்ளி வைக்காம விட்டா ஊர்ல என்ன மூஞ்சிய வச்சிட்டுத் திரியிறது? அத்தை தினமும் போன்ல அழுவுறாங்க. புள்ள மொகத்தையாச்சும் கொண்டாந்து காட்டுங்க மாப்ளைன்னு. ஆனா இவகிட்ட சரின்னு சொல்லிட்டேன். மாமன் மக. சின்னதுல இருந்து அவ கேட்டு நான் இல்லைன்னதில்ல."

அத்தை என்றது அகிலாவின் அம்மா வீரம்மாளை. அந்த அம்மாளோடு அகிலா பேசியதை நான் ஒருமுறை மருத்துவமனையில் வைத்துக் கேட்டேன். கடைசி மாதம். எழுந்து உட்காரத் தெம்பில்லாமல், போனைத் தலையணையில் வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பொட்டப்புள்ளைய ஐஸுக்குள்ள போட்டு வைக்கிறதாடி? எந்த ஊர்ல நடக்கும்?" என்று அழுதது அந்தக் குரல். 

"நம்ம ஊர்லதாம்மா. மாடசாமி தாத்தா செத்தப்ப மூணு நாளு ஐஸ் பெட்டிக்குள்ளதான வச்சிருந்தீங்க?"

"அது துபாய்ல இருந்து அவரு மகன் வரணும்னு வச்சிருந்தது."

"எனக்கும் ஆளு வரணும்மா. கொஞ்சம் தூரத்துல இருந்து வராங்க. லேட்டாகும்."

அந்தக் குரல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வர்றவகளுக்கு ஒன்னைய அடையாளம் தெரியுமாடி?" என்று கேட்டது. அகிலா போனைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏற்பாடு இதுதான். சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு டாக்டரம்மாவும் அவருடைய உதவியாளரும் வந்து தயாராக இருந்தார்கள். குளிர் சாதனம், நெஞ்சை அமுக்குகிற மெஷின் எல்லாம் அவர்களுடைய லாரியில் இருந்தது. வார்டுக்குள் வெளியாட்கள் வரக் கூடாது என்பதால், அங்கே நர்ஸாக இருக்கும் நாகவள்ளிக்கு மட்டும் அனுமதி. நாகர்கோவில் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அகிலாவே அவளுக்குத் தலையணையை வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தாள். டாக்டர் மரணத்தை அறிவித்த நொடியில் தலையைச் சுற்றி ஐஸ் பைகளை அடுக்க வேண்டும். நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டும். ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் குளிர் மூளைக்குள் போகும். பின்வாசலில் லாரி நிற்கும். நாலே நிமிட வேலை.

ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு நாகவள்ளியின் போன் வந்தது. "அண்ணே, டாக்டர் சொல்லிட்டாரு." கூடவே அவள் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தது கேட்டது. வாரேன் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது கட்டைவிரல். மரணச் செய்தி வந்தவுடன், லிஃப்ட் கீழே இறங்குவதற்குள், எம்பாமிங் வண்டி ஓட்டுகிற, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற நூஹுவுக்கு ஒரு மெசேஜ் தட்டுவது என் இருபத்திரண்டு வருடப் பழக்கம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் வண்டி கிடைப்பது கஷ்டம், ஒரு நிமிடம் பிந்தினாலும் ஒரு குடும்பம் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டிவரும். அந்த மெசேஜை போனில் சேமித்தே வைத்திருக்கிறேன். பெயரையும் மருத்துவமனையையும் மட்டும் மாற்றினால் போதும், என் முத்திரை போட்ட கடிதமும் கூடவே போய்விடும். அனுப்பினேன். சத்தியமாக, அனுப்பியது எனக்கே தெரியாது.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரி முன்வாசலில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வருகிற கூட்டத்துக்காகப் பின்பக்கத் தெருவிலிருந்து அதை நகர்த்தச் சொல்லியிருக்கிறார்கள்; வார்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சுவிஸ் டாக்டரம்மா கையுறை போட்ட கைகளை மார்புக்கு நேராகத் தூக்கியபடி நின்றார். பாண்டித்துரை மேலே கவுன்ட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் ஓடி வந்தார்.

"எங்கண்ணே அவ?"

பின்வாசலுக்கு ஓடினோம். வெறும் தள்ளுகட்டிலோடு இரண்டு நேபாளிப் பையன்கள் நின்றார்கள். "பாடி கயா பாய்" என்றார்கள், போய்விட்டதாம். எந்த வண்டியில் என்று கேட்டதற்கு, எப்போதும் வருகிற வெள்ளை வண்டி என்று என்னையே விநோதமாகப் பார்த்தார்கள். நான் போனை எடுத்துப் பார்த்தேன். என் மெசேஜுக்குக் கீழே இரண்டு நீல டிக். 'ரெடி காக்கா' என்று நூஹுவின் பதில். அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் நான் கெடுத்திருக்கிறேன்.

நூஹுவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பாண்டித்துரையைக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். லாரியை எங்கள் பின்னாலேயே வரச் சொன்னேன். வெளியே நாற்பத்தாறு டிகிரி. பாண்டித்துரையிடம் உண்மையைச் சொன்னேன். என் கையால்தான் நடந்தது என்று சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

இருபது நிமிடம் கழித்து நூஹுவே கூப்பிட்டான். காயல்பட்டினத்துப் பையன், இந்த வேலையில் நாலு வருடமாக இருக்கிறான், லேசில் பயப்பட மாட்டான். அன்று அவன் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

"காக்கா! மய்யித்து தட்டுது காக்கா! செத்த பாடி வழி நெடுக உள்ள இருந்து தட்டுது! நான் ஆயத்துல் குர்ஸி ஓதிக்கிட்டே நூத்தி முப்பதுல வந்துட்டேன். இப்ப சென்டர் வாசல்ல வண்டியப் போட்டுட்டு வெளிய நிக்கிறேன். இன்னும் தட்டுது!"

"கதவத் தொறடா!"

"நான் மாட்டேன் காக்கா!"

நாங்கள் போய்த்தான் திறந்தோம். ஓர் ஆள் நிமிர முடியாத அந்தக் குளிரூட்டிய பெட்டிக்குள் நாகவள்ளி முட்டி போட்டிருந்தாள். வலது காலால் வண்டிச் சுவரை உதைத்து உதைத்து ஷூ கழன்றிருந்தது. கைகள் இரண்டும் அகிலாவின் நெஞ்சின் மேல் இருந்தன. அமுக்கிக்கொண்டே இருந்தாள். உதட்டில் ரத்தம். வாயைத் திறந்தால் எண்ணிக்கைதான் வந்தது. அகிலாவின் தலையைச் சுற்றி அடுக்கிய ஐஸ் பைகள் சரியாமலிருக்கத் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வளைத்துக் கட்டியிருந்தாள். தப்பான வண்டி என்று தெரிந்ததும் கத்தியிருக்கிறாள். பையன்களுக்கு மொழி புரியவில்லை, கையில் என் முத்திரை போட்ட கடிதம் வேறு. நின்று வாதாடினால் அமுக்குவதை விட வேண்டும். அதனால் அகிலாவோடு சேர்ந்து வண்டிக்குள் ஏறிவிட்டாள். நர்ஸும் கூடப் போகிறாள் போலிருக்கிறது என்று அவர்கள் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். போன் வார்டு மேசையில் கிடந்தது. உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நூஹு இதெதையும் பார்க்கவில்லை.

முப்பத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அமுக்கினால் ஆம்பிளைக்கே தோள் கழன்றுவிடும் என்பார்கள்.

எம்பாமிங் சென்டரின் பெரியவர் எட்டிப் பார்த்தார். பேப்பர் தயார், மேஜை தயார், ஜும்ஆவுக்கு முன்னால் முடித்துவிடலாம், நாளைக் காலை மதுரையில் இறக்கிவிடலாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். பாண்டித்துரை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இது அவர் செய்த தப்பில்லை. என் தப்பு. இந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டே அவர் ஊருக்குப் போய்விடலாம். அத்தைக்கு மகள் முகம் கிடைக்கும். அவருக்குக் கொள்ளி வைக்கிற உரிமை கிடைக்கும். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. என் மனதும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இத்தனை நேரம் கழிந்த பிறகு என்ன மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது. அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வண்டிக்குள் எண்ணிக்கை நிற்கவில்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு.

"அந்தப் புள்ளையே நிறுத்தல" என்றார் பாண்டித்துரை. "நான் எப்படிண்ணே நிறுத்தச் சொல்லுவேன்?" சேஃப்டி ஷூவோடு வண்டிக்குள் ஏறினார். "எங்க அமுக்கணும் சொல்லு தாயி. நீ கைய எடு."

நாகவள்ளி அவர் கைகளைப் பிடித்து இடம் காட்டினாள். நாற்பது டன் கன்டெய்னரைத் தூக்கி வைக்கிற கைகள் முதலில் பயந்தன. "பயப்படாதீங்கண்ணே, எலும்பு ஒடைஞ்சாலும் பரவால்ல, அக்காவே சொல்லியிருக்காங்க" என்றாள். அவர் அமுக்கினார். மனைவியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. எண்ணிக்கையை மட்டும் உரக்கச் சொன்னார், கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. ஐஸ் பைகளைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள் நாகவள்ளி. எத்தனையோ ஆண் மய்யித்துகளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். அன்னியப் பெண்ணின் தலையைத் தொட்டதில்லை. ஒரு நொடி தயங்கினேன். பிறகு ஏறி உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் தலையை இரண்டு பக்கமும் ஐஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். லாரி வந்து சேர்வதற்குள் என் விரல்கள் மரத்துவிட்டன.

லாரிக்குள் மாற்றியதும் மெஷின் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, மூளைக்குப் பக்கத்துச் சூட்டைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பதினெட்டு டிகிரி, இந்த நேரத்துக்குள் இவ்வளவு குளிர்ந்ததே அதிசயம் என்றார். நாகவள்ளியைக் கிட்டே கூப்பிட்டு, அவளுடைய சிவந்து வீங்கிய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இப்படி ஒரு நர்ஸைப் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாகவள்ளிக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கழன்ற ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நேரம் கடந்துருச்சா? சேதம் ஆயிருக்குமா?" என்று நான் கேட்டேன். என்னைத் தவிர வேறு யார் கேட்பது?

"தெரியாது" என்றார் டாக்டரம்மா. "நம்மால் தெரிந்துகொள்ள முடியாது. பிற்பாடு வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்."

லாரி நேராக அகிலாவின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது; அங்கே அவளோடு வேலை பார்த்தவர்கள் அன்று முழுக்க நின்றார்கள். லெபனான்காரர் ஒருவர், ஒரு கொரியப் பெண், இரண்டு அமீரகப் பெண்கள். மருந்து ஏறிய ஆறு மணி நேரமும் யாரும் உட்காரவில்லை. எலிக்குச் செய்ததை எல்லாம் தோழிக்குச் செய்தார்கள். ஒவ்வொரு அளவையும் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லி எழுதினார். அழுகிறவர் வெளியே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த மனிதர்கள் ஜெயிக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. என் மார்க்கம் எனக்கு. என்னை மண்ணில்தான் வைப்பார்கள், அதில் மாற்றமில்லை. ஆனாலும் அன்று மாலை நான் கேட்ட துஆவில் அகிலாவின் பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கார்கோ டெர்மினலுக்குப் பெட்டி வந்தது. வழக்கமான பலகைப் பெட்டி இல்லை. தடித்த சுவரும் நான்கு பக்கமும் வெப்பமானியும் வைத்த பெரிய வெள்ளைப் பெட்டி. மூடியின் ஓரத்தில் புகைபோல ஆவி கசிந்தது. ஃபாரத்தில் எழுத வேண்டியதை எழுதினேன். பாண்டித்துரை பெட்டியின் பக்கத்திலேயே நின்றார். அன்று காலை அத்தையிடம் பேசியதாகச் சொன்னார். "ஸ்வெட்டர் போட்டாங்களான்னு கேட்டாங்கண்ணே. போட்ருக்குன்னு சொல்லிட்டேன்."

லோடர்கள் நாலு பேர் வந்தார்கள். பீகார்ப் பையன்கள். இவர்களுக்கு என்னைத் தெரியும், என் பெட்டிகளையும் தெரியும். பெட்டி வந்தால் உருளையில் ஏற்றித் தள்ளிவிடுவார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, ஒருநாளைக்கு எத்தனையோ பெட்டி. மேஸ்திரி ராம்பரண் ஆவியைப் பார்த்துவிட்டு, மீன் பெட்டியா பாய் என்று கேட்டான்.

"நஹி. மரீஸ் ஹை" என்றேன். நோயாளி என்ற சொல் என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"மரீஸ்?" அவன் கை பெட்டியிலிருந்து தானாக விலகியது. "ஜிந்தா ஹை?"

உயிர் இருக்கிறதா என்று கேட்கிறான். பாண்டித்துரை என்னைப் பார்த்தார். என்னிடமிருந்து அவரும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார் என்று தோன்றியது. இவளுடைய நோய்க்கு இன்னும் மருந்து வரவில்லை, மருந்து வருகிற வரைக்கும் தூங்க வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். ராம்பரண் யோசித்தான். தன் ஆட்களிடம் வேகமாக ஏதோ சொன்னான். அவர்கள் உருளையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஃபோர்க்லிஃப்டை வரவழைத்தார்கள். ஒருவன் எங்கிருந்தோ இரண்டு தடித்த ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து இரும்புக் கரங்களின் மேல் போட்டான்.

பெட்டி தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. அதற்கு மேல் தூக்க வேண்டாம் என்று ராம்பரண் கை காட்டினான். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கூரைமேல் இருந்த மஞ்சள் விளக்கைச் சுழல விட்டான், ஆள் நடக்கிற வேகத்தில் கிளம்பினான். ராம்பரண் முன்னால் நடந்தான், வலது கையை அகல நீட்டிக்கொண்டு. எதிரே பெட்டி படுக்கைகளை ஏற்றிய இழுவை வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதல் வண்டிக்காரன் அந்தக் கையையும் சுழலும் விளக்கையும் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான். அவனைப் பார்த்து அடுத்தவனும், அடுத்தவனும் ஒதுங்கினார்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது போல அந்த நீளமான கொட்டகை முழுக்க இரண்டாகப் பிரிந்து நின்றது. நடுவில் அந்த வெள்ளைப் பெட்டி குலுங்காமல் வெயிலை நோக்கிப் போனது. பாண்டித்துரை அதன் மேல் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தார். ஒருத்தனும் ஹார்ன் அடிக்கவில்லை.